பம்ப் ஷாட்கன்னில் ஸ்லக் குண்டுகள் சிதறாமல் விழ என்ன செய்யலாம்?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். நான் மான் வேட்டைக்குச் செல்லும் பகுதியில் ரைஃபிளுக்கு அனுமதி இல்லாததால், என்னிடமுள்ள 12 கேஜ் பம்ப் ஷாட்கன்னில்தான் (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) ஸ்லக், அதாவது ஒற்றைப் பெருங்குண்டு, சுட வேண்டியிருக்கிறது. அது பறவை வேட்டைக்கென வாங்கிய துப்பாக்கி. உள்வரிகள் இல்லாத 28 அங்குலக் குழல், மாடிஃபைடு சோக் (குழல் நுனியில் நடுத்தரக் குறுகல்), நுனியில் ஒரே ஒரு மணிக்குறி. மேசையில் மணல்பை வைத்துச் சுட்டாலும் 50 கெஜத்தில் குண்டுகள் பத்து அங்குல அகலத்துக்குச் சிதறுகின்றன. நண்பர் கொடுத்த சேபோ ஸ்லக்குகளோ அதைவிட மோசமாகச் சிதறியதோடு, அட்டையில் சில துளைகள் நீள்வட்டமாகவும் விழுந்தன. மானைக் காயப்படுத்தி அலையவிட எனக்கு மனமில்லை. குழலை மாற்ற வேண்டுமா, தோட்டாவை மாற்ற வேண்டுமா, அல்லது தொலைநோக்கி பொருத்தினால் போதுமா?

மறுமொழி 1

நீள்வட்டத் துளை என்றால் குண்டு பறக்கும்போதே புரண்டு, பக்கவாட்டில் அட்டையைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். சேபோ ஸ்லக் என்பது பிளாஸ்டிக் உறைக்குள் அமர்ந்திருக்கும், குழலின் துளையைவிடச் சிறிய குண்டு. குழலின் உள்வரிகள் அந்த உறையைப் பற்றிச் சுழற்றினால்தான் குண்டு நிலைபெற்றுப் பறக்கும். உங்கள் குழலில் வரிகளே இல்லாததால், எவ்வளவு விலையுயர்ந்த சேபோவாக இருந்தாலும் அங்கே அதற்கு வேலையில்லை.

உங்கள் குழலுக்கு உரியவை ஃபாஸ்டர் வகையும் பிரென்னக்கே வகையும்தான். வில்ஹெல்ம் பிரென்னக்கே தம் ஸ்லக்கை 1898-இல் உருவாக்கினார். கார்ல் ஃபாஸ்டரின் வடிவம் 1931-இல் வந்தது. ஃபாஸ்டர் ஸ்லக்கின் அடிப்பகுதி குடைந்திருப்பதால் எடை முழுவதும் மூக்கில் குவிகிறது. இறகுப்பந்தைப் போல, கனமான முனை முன்னே செல்ல, இலேசான பின்புறம் தானாகவே நேராகிவிடுகிறது. அதன் பக்கங்களில் தெரியும் சாய்வரிகள்தாம் குண்டைச் சுழற்றுகின்றன என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அவை தரும் சுழற்சி மிகக் குறைவு. சோக்கின் குறுகலில் ஈயம் எளிதாக நசுங்கி வெளியேற இடம் கொடுப்பதே அவற்றின் முக்கியப் பயன்.

சோக்கைப் பொறுத்தவரை, மாடிஃபைடைக் கழற்றிவிட்டு குறுகல் குறைந்த இம்ப்ரூவ்டு சிலிண்டரோ, குறுகலே இல்லாத சிலிண்டரோ போட்டுப் பாருங்கள். குறுகல் கூடக்கூட மென்மையான ஈயம் சீரற்று நசுங்க வாய்ப்பு கூடுகிறது. அதன்பின் இரண்டு மூன்று நிறுவனங்களின் ஸ்லக்குகளைச் சிறு பெட்டிகளாக வாங்கி, குழலை ஆறவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே இடைவெளியில் சுட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாதிரியான இரு துப்பாக்கிகள்கூட வெவ்வேறு ஸ்லக்கை விரும்புவதுண்டு. இதை அட்டைதான் சொல்ல வேண்டும், தோட்டாப் பெட்டியின் மேலுள்ள வாசகம் அன்று.

மறுமொழி 2

மேலே சொன்ன தோட்டா விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் பத்து அங்குலச் சிதறலில் பெரும்பங்கு மணிக்குறியால் வருவது என்பது என் கணிப்பு. கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் 3 மில்லிமீட்டர் மணி, 50 கெஜத்தில் ஐந்து அங்குலத்துக்கும் மேலான பரப்பை மறைத்துவிடும். இன்னொரு சிக்கல், பின்குறி இல்லாத துப்பாக்கியில் உங்கள் கண்ணே பின்குறி ஆகிவிடுகிறது. கன்னம் தோள்கட்டையில் 2 மில்லிமீட்டர் உயர்ந்து அமர்ந்தாலே குண்டு அதே தொலைவில் மூன்றரை அங்குலம் உயரும். ஒவ்வொரு சுடுதலுக்கும் கன்னத்தை அதே இடத்தில் பதிப்பது, ஸ்லக்கின் பின்னுதைப்பைத் தாங்கிக்கொண்டு, பயிற்சி உள்ளவர்களுக்கும் கடினம்.

எனவே குறிபார்க்கும் கருவிதான் அவசரத் தேவை. ஆனால் பம்ப் துப்பாக்கிகளில் ஒரு நுட்பம் இருக்கிறது: குழல் ரிசீவருக்குள் (சுடும் இயக்கப் பகுதிகள் அடங்கிய உடற்பகுதி) செருகப்பட்டு, முன்னே தோட்டாக்குழாயின் மூடியால் இறுக்கப்படுகிறதே தவிர, ரைஃபிளைப் போலத் திருகி இறுக்கப்படுவதில்லை. இணைப்பில் இம்மியளவு ஆட்டம் இருந்தாலும், ரிசீவரின் மேல் அமர்ந்த தொலைநோக்கி ஒரு திசையையும் குழல் வேறொரு திசையையும் பார்க்கும். இதனால்தான் குழலின் மீதே நீட்டுத்தாங்கி பற்றவைத்த கேன்டிலீவர் குழல்கள் வந்தன. அவற்றில் குழல் அசைந்தால் தொலைநோக்கியும் கூடவே அசையும். இத்தாக்கா நிறுவனம் தன் டீர்ஸ்லேயர் டூ துப்பாக்கியில் குழலை ரிசீவரோடு நிரந்தரமாகவே பொருத்திவிட்டது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மூடியை ஒவ்வொரு முறையும் கையால் ஒரே அளவு இறுக்குங்கள். சுடும்போது மணல்பையின் மேல் முன்பிடி இருக்கட்டும், குழல் அதைத் தொட வேண்டாம். ஆட்டம் அதிகமாக இருந்தால் துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டலாம். ஆனால் குழலை ரிசீவரோடு ஊசியிட்டுப் பொருத்திவிட்டால் பறவைக் குழலை மாற்றிப் போடும் வசதி போய்விடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3

பின்னுதைப்பைப் பற்றி ஒரு சொல். 12 கேஜ் ஸ்லக்கை மேசையிலிருந்து சுடும்போது உடல் முழு அடியையும் வாங்குகிறது. சில தோட்டாக்களுக்குப் பின் விசையை இழுக்கும் கணத்தில் தோள் தன்னையறியாமல் முன்னே பாயத் தொடங்கிவிடும். நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைக் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். அது வரும்போது குழலின் நுனி தாழ்ந்தால், காரணம் துப்பாக்கியில் இல்லை. தடித்த தோள்மெத்தையும், குறைந்த வேகமுள்ள ஸ்லக்கும் உதவும். சுடும் திசையில் உயர்ந்த மண்மேடு கட்டாயம் இருக்கட்டும். ஒரு அவுன்ஸ் ஈயம் அட்டையைத் தாண்டியும் வெகுதூரம் போகும்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. முதலில் சோக்கை மாற்றி ஃபாஸ்டர் ஸ்லக் சுட்டுப் பார்க்கிறேன். குழல் வாங்குவதானால், உள்வரியுள்ள கேன்டிலீவர் குழலா, முன்பின் குறிகள் உள்ள வரியற்ற குறுங்குழலா? நான் நிற்கும் இடத்தில் மரங்கள் நெருக்கம்; 60 கெஜத்துக்கு மேல் பார்வை செல்லாது.

மறுமொழி 2

60 கெஜம் என்றால் குறிகள் உள்ள வரியற்ற குறுங்குழலே போதும். அதில் நல்ல ஃபாஸ்டர் ஸ்லக் 50 கெஜத்தில் நான்கு அங்குலத்துக்குள் விழுந்தால் நிறைவு கொள்ளுங்கள். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய எட்டு அங்குலம். பின்னாளில் 100 கெஜம் வரை சுடும் திறந்தவெளி கிடைத்தால் உள்வரிக் குழலையும் சேபோவையும் சேர்த்தே வாங்குங்கள். வரியுள்ள குழலில் ஃபாஸ்டரைத் தொடர்ந்து சுட்டால் வரிகளில் ஈயம் படிந்து துல்லியம் குறையும். எந்தக் குழலானாலும், வேட்டைக்கு எடுத்துச் செல்லும் அதே ஸ்லக்கைக் கொண்டே குறியைச் சரிசெய்யுங்கள்; குழலைக் கழற்றித் துடைத்து மாட்டினால் காட்டுக்குப் போகுமுன் மீண்டும் ஒருமுறை அட்டையில் சுட்டுப் பாருங்கள்.