அப்பாவின் சீபேப் கருவிக்கு எந்தப் பவர் ஸ்டேஷன்?

ஜெலுத்தோங் அக்கா: நேற்றைய இடி மழையில் எங்கள் பிளாட்டில் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சீபேப் கருவி நின்றதும் அப்பா திணறி எழுந்தார். முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மின்சாரம் வந்த பிறகும் நாற்காலியிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். நச்சுப்புகை வரும் ஜெனரேட்டரைப் பதின்மூன்றாம் மாடியில் ஓட்ட முடியாது. பவர் ஸ்டேஷன் எனும் பெரிய பேட்டரிப் பெட்டியை வாங்கலாமா, சித்தப்பா? 1800 வாட் இருந்தால் போதும் என்கிறார் கடைக்காரர்.

சித்தப்பா: வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைத்தான் சொல்லும், அம்மா, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை வாட்-மணியில் பார்க்க வேண்டும். ஈக்கோஃப்ளோ டெல்டா 2, புளூயெட்டி ஏசி180 இரண்டுமே 1800 வாட்தான். முன்னதில் 1024 வாட்-மணி, 12 கிலோ. பின்னதில் 1152 வாட்-மணி, ஆனால் 16 கிலோவுக்குக் குறையாது. அந்தச் சிறு கூடுதலுக்காக உன் இடுப்பை வருத்திக்கொள்ளாதே. சீபேப் அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது?

ஜெலுத்தோங் அக்கா: 24 வோல்ட், 3.75 ஆம்பியர்.

சித்தப்பா: பெருக்கினால் 90 வாட், அதுவும் உச்ச அளவு. காற்றாடிக்கு 60 வாட் சேர்த்தால் 150. மாற்றும்போது ஏற்படும் இழப்பைக் கழித்து, 1024-இல் 870 கைக்கு வருமென்று வைத்துக்கொண்டால், ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். சீபேபில் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதச் சூடாக்கியை அணைத்துவிட்டால் அதைவிட நன்றாகவே நீளும்.

தம்பி: பழைய ஜாக்கரி எக்ஸ்ப்ளோரர் 1000 ஒன்று பாதி விலைக்கு வருகிறது, அக்கா. 1002 வாட்-மணி.

சித்தப்பா: அது பழைய வகை லித்தியம், தம்பி. சுமார் 500 முறை சார்ஜ் ஏற்றி இறக்கினால் கொள்ளளவு 80 சதவீதமாகிவிடும்; டெல்டா 2-இல் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு அந்தக் கணக்கு 3000. எப்போதாவது போகும் மின்சாரத்துக்கு 500-ஏ தாராளம் என்பது உண்மைதான். ஆயினும் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கப் போவதால், எளிதில் தீப்பற்றாத பாஸ்பேட்டையே நான் விரும்புவேன். எதை வாங்கினாலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் மலேசிய மூன்று முனைப் பிளக் என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஜெலுத்தோங் அக்கா: நள்ளிரவில் நானே எழுந்து பிளக்கை மாற்ற வேண்டுமா?

சித்தப்பா: வேண்டாம். சீபேபை எப்போதும் அதன் வழியாகவே செருகி வை. மின்சாரம் போனதும் டெல்டா 2, முப்பது மில்லி விநாடிக்குள் பேட்டரிக்கு மாறிவிடும். வாங்கிய அன்றே அப்பா விழித்திருக்கும்போது சுவர் சுவிட்சை அணைத்து, கருவி நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடு.