பத்தி தாண்டிப் படிப்பவனுக்குக் கிடைத்த குட்டு

எனக்குப் புத்தகம் என்றால் நாவல்தான். முதல் முப்பது பக்கத்தைச் சோம்பலாகப் புரட்டுவேன். யார் யாருக்கு மாமன், யார் யாருக்குப் பகையாளி என்பதெல்லாம் போகப் போகத் தெரிந்துவிடும் என்ற தைரியம். வர்ணனை வந்தால் ஒரு பத்தி தாண்டுவதும் உண்டு.

இந்தப் பழக்கத்தோடுதான் புதுமைப்பித்தன் சிறுகதைத் தொகுப்பைத் திறந்தேன். ‘பொன்னகரம்’ சில பக்கக் கதை. வழக்கம்போல் ஒரு பத்தி தாண்டினேன். பார்த்தால் அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள், கதையும் முடிந்துவிட்டது! காசு எங்கிருந்து வந்தது? திரும்பிப் போய்ப் படித்தேன். அடிபட்டுக் கிடக்கும் ஜட்கா வண்டிக்காரப் புருஷனுக்குப் பால் கஞ்சி வேண்டும். சந்தில் ஒருவன் நிற்கிறான். இருவரும் இருளில் மறைகிறார்கள். அவ்வளவுதான். நாவலாக இருந்தால் அப்புறம் பத்து அத்தியாயம் அவளை அழவிட்டிருப்பார்கள். இங்கே அழ நேரமில்லை, கஞ்சி காய்ச்ச வேண்டும்.

அடுத்து ‘செல்லம்மாள்’. முதல் வரியிலேயே அவள் மூச்சு ஒடுங்கிவிடுகிறது. கடைசியில் என்ன ஆகும் என்பதற்காகவே பக்கம் புரட்டுகிற என்னைப் போன்ற ஆளுக்கு இதற்கு மேல் என்ன இருக்கிறது? ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. செத்தவளோடு தனியாக இருக்கும் பிரமநாயகம் பிள்ளை, அவருடைய ஜவுளிக்கடைச் சம்பளம், அவளுடைய தீராத நோய் என்று கதை பின்னோக்கிப் போகப் போக, பிழைத்துக்கொள்வாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. செத்துவிட்டாள் என்று தெரிந்தே! அன்றைக்கு அடுத்த கதையைத் தொடவில்லை.

எல்லாக் கதையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சிலது அவசரத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஆனால் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கந்தசாமிப் பிள்ளை தன் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடமே ஆயுள் சந்தா கேட்க, அது யாருடைய ஆயுள் என்று பேச்சு வளர்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பழைய புத்தி போகுமா? இவர் நாவல் எழுதியிருக்கிறாரா என்று தேடினேன். ‘அன்னை இட்ட தீ’ என்று ஒன்றைத் தொடங்கி, முடிக்காமலே விட்டிருக்கிறார். 1948-இல் இறந்தபோது வயது 42.

தொகுப்பில் இன்னும் பாதி பாக்கி. ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் தொடுவதில்லை. நேற்று ‘கயிற்றரவு’ ஆரம்பித்தேன். பத்தி தாண்டாமல்தான் படித்தேன், ஆனாலும் இரண்டு தடவை முதல் பக்கத்துக்கே திரும்ப வேண்டியதாகிவிட்டது.