2011 பட்டியலை வைத்து இன்றைய இந்தியாவை அளக்க முடியுமா?

நெல்லைக்காரன்:
மாதிரிக்கு எடுத்த வீடுகளை மட்டும் விசாரிக்கும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுக்கு (2019-21) ஊர்களைத் தேர்ந்தெடுத்தது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. அதற்குள் எத்தனை கிராமங்கள் நகரமாகிவிட்டன! பட்டியலே பழசு என்றால் 6,36,699 வீடுகளை விசாரித்தும் என்ன பயன்? 1936-ல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை நடத்திய அதிபர் தேர்தல் கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் அன்றிருந்த 48-ல் 46 மாநிலங்களை வென்றார்.

கணக்குப்பிள்ளை:
அந்த உதாரணம் இங்கே பொருந்தாது. அந்தப் பத்திரிகைக்காரர்கள் கார், தொலைபேசி வைத்திருந்தவர்களின் முகவரிகளைத்தான் பெரிதும் நம்பினார்கள். இங்கே பழைய பட்டியலிலிருந்து எடுப்பது ஊரை மட்டும்தான். ஊர் தேர்வானதும் ஒரு குழு போய் அங்குள்ள வீடுகளைப் புதிதாகப் பட்டியல் போடும். அதிலிருந்துதான் 22 வீடுகள். 400 வீடுள்ள ஊர் தேர்வாகும் வாய்ப்பு 100 வீடுள்ள ஊரைவிட நான்கு மடங்கு. உள்ளே போனதும் அங்கே ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் வாய்ப்பு கால்பங்கு. ஆக, கணக்கு நேராகிவிடும். அந்த 100 இன்று 250 ஆகியிருந்தால் புதுப் பட்டியலே காட்டிக்கொடுக்கும். அங்கே விசாரித்த ஒவ்வொரு வீட்டின் எடையையும், அதாவது அது எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்ற கணக்கையும், கூட்டிவிடலாம். பிழை வரம்பு விரியும், முடிவு ஒரு பக்கம் சாயாது.

களப்பணி:
பட்டியல் ஒழுங்காகப் போட்டால் சரி. டீக்கடைக்குப் பின்னால் ஒரு குடும்பம் குடியிருக்கும். வாசலில் ஷட்டரைப் பார்த்துவிட்டு ‘கடை’ என்று எழுதிப் போய்விடுவார்கள். அடுக்குமாடிக் காவலாளி உள்ளேயே விடமாட்டார். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்கக் கூடாது என்பது விதி, நல்ல விதி. ஆனால் வசதியான வீடுகளே அதிகம் நழுவினால் எந்த எடை காப்பாற்றும்?

நெல்லைக்காரன்:
அதனால்தான் மின் இணைப்புப் பட்டியலை எடுங்கள் என்கிறேன். அதை அடிக்கடி புதுப்பிக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒரே குடும்பத்துக்கு மாடிக்கொரு மீட்டர் இருக்கும். செங்கல் சூளைக் கொட்டகையில் தங்கியிருப்பவர் பேரில் மீட்டரே இருக்காது. யார் விடுபடக் கூடாதோ அவர்தான் முதலில் விடுபடுவார்.

நெல்லைக்காரன்:
சரி, அதை ஏற்கிறேன். ஆனால் ‘கிராமம்’ என்ற முத்திரை? 2011-ல் கிராமமாக இருந்து இன்று புறநகரானதும் அறிக்கையில் ஊரகக் கணக்கில்தானே விழுகிறது? இதை எடை திருத்தாது.

கணக்குப்பிள்ளை:
திருத்தாதுதான். மாநில மொத்தத்தை நம்பலாம். ஊரகம், நகரம் என்று பிரித்த எண்களைக் கவனமாகத்தான் எடுக்கணும்.

களப்பணி:
அதற்குப் புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் வழி. அதுவரை வீடுகளை விசாரிக்கும் காசில் கொஞ்சம் பட்டியல் போடுபவர்களுக்குத் திருப்பி, அவர்களுக்கு இன்னும் இரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள்.