விலகிப் போகிறவர்களிடம் காரணம் கேட்கலாமா?

பூஜைக்கடை, லெபோ பாசார், பினாங்கு
வணக்கம். கடை வாடிக்கையாளர்களுக்கு வாராவாரம் மின்னஞ்சல் அனுப்புகிறேன்: பிரதோஷம், கிருத்திகை தேதிகள், காவடி, பால்குடச் சாமான் விலை. தைப்பூசம் முடிந்ததும் ஒரு கூட்டம் அன்சப்ஸ்கிரைப் செய்துவிடுகிறது. அப்பா காலத்து வாடிக்கையாளர்களும் அதில் உண்டு. அவர்களைத் தடுக்க ஆசையில்லை. என்ன பிடிக்கவில்லை என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன். கைப்பேசி எண் இருக்கிறது, புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வார்த்தை கேட்கலாமா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி
வேண்டாம் அண்ணே. மின்னஞ்சலே வேண்டாம் என்றவரைப் புலனத்தில் பிடித்தால் கடைப் பக்கமே வரமாட்டார். விளம்பரத்துக்கு என் விவரங்களைப் பயன்படுத்தாதே என்று எழுதிக் கொடுக்கும் உரிமை, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 43ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

விலகியபின் வரும் பக்கத்தில் கேளுங்கள். பெயரை எடுத்தாயிற்று என்பது முதலில், கேள்வி அதற்குக் கீழே. பதில் சொன்னால்தான் விலகலாம் என்று வைத்தால், கடுப்பில் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்கள். அந்தப் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்று ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து கண்டிப்பாக இருக்கிறது. மீறினால் விரும்பிப் படிப்பவருக்கும் உங்கள் மடல் ஸ்பேமுக்குள் போகக்கூடும்.

இன்னொன்று, ஜிமெயிலே காட்டும் அன்சப்ஸ்கிரைப்பை அழுத்துகிறவர் பெரும்பாலும் உங்கள் பக்கத்தைப் பார்க்க மாட்டார். வருகிற பதில் சிலருடையது மட்டும்தான்.

பட்டர்வொர்த்
அம்மா தவறியபின் அவங்க மின்னஞ்சலை நான்தான் பார்த்தேன். ஒரு துணிக்கடைப் பட்டியலிலிருந்து விலகும்போது காரணம் கேட்டது: அடிக்கடி வருகிறது, பிடிக்கவில்லை, நான் சேரவே இல்லை. எதை அழுத்துவது? எழுத இடமே இல்லை, அப்படியே மூடிட்டேன். நீங்க ஒரு காலிப் பெட்டி வையுங்க. எழுதியதைப் படிங்க. உடனே ‘திரும்பி வாங்க, 10 விழுக்காடு கழிவு’ன்னு மட்டும் அனுப்பிடாதீங்க, மனசு நோகும்.

பூஜைக்கடை
நன்றி தங்கச்சி, நன்றி ஐயா. இப்படி வைக்கிறேன்: “உங்கள் பெயரை எடுத்துவிட்டோம். காரணம் சொல்ல விரும்பினால் இங்கே எழுதலாம். கடைக்காரர் நானே படிப்பேன்.” விலகும் முன், தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மட்டும் அனுப்பினால் போதும் என்று தேர்ந்தெடுக்கவும் வழி வைக்கிறேன். ஆள் தவறிவிட்டார் என்று யாராவது எழுதினால் என்ன செய்வது?

பட்டர்வொர்த்
ஆறுதலாக இரண்டு வரி போதும். புலனப் பட்டியல், தீபாவளி வாழ்த்து அட்டைப் பட்டியல் இரண்டிலும் அந்தப் பெயரை அன்றைக்கே எடுத்துடுங்க.