கஷ்ட காலத்தில் தைரியம் எங்கிருந்து வந்தது? வடசென்னை விசுவாசிகளின் அனுபவப் பகிர்வு

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி:

என் வீட்டுக்காரர் விசைப்படகில் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போகிறவர். ஒரு ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்து மற்ற படகுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. அவர் போன படகு மட்டும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கடைசியாக இன்ஜின் பழுது என்று சொன்னார்களாம், அப்புறம் சத்தமே இல்லை.

கதறி அழுதேன். பார்க்க வந்த சொந்தக்கார அண்ணன் ஒருவர், "அழாதம்மா, அழுதா விசுவாசம் இல்லைன்னு ஆயிடும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. நான் அழுவதால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் தயவுசெய்து யாரும் இப்படிச் சொல்லாதீர்கள்.

சாயங்காலம் எங்கள் அன்பியத்துப் பெண்கள் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு) ஜெபமாலை சொல்ல வந்தார்கள். அதில் ஒரு ஆயா, மீன் விற்றே பிள்ளைகளை வளர்த்தவர், ஒரு மகனைக் கடலில் பறிகொடுத்தவர். மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். பெருங்காற்று அடிக்கும்போது படகின் பின்பக்கம் இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நாலு பேரும் வலை போட்டுப் பிழைத்தவர்கள். கடல் தெரிந்தவர்கள் இருந்தும், நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலை இல்லையா என்று அவரை எழுப்புகிறார்கள். "பாத்தியா, அவங்களே கத்துனாங்க. அவர் எழுந்து முதல்ல காத்தை அடக்கினார். ஏன் பயந்தீங்கன்னு கேட்டது அப்புறம்தான். நீயும் கத்துடி" என்றார் ஆயா.

அன்றைக்கு நான் ஆண்டவரிடம் போட்டது சண்டை. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்ததும் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. மறுநாள் விடிந்ததும் ஆயாவோடு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய், படகின் பதிவு எண், கடைசியாகப் பேசிய இடம், ஆட்களின் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அதுவரை எந்த அரசு அலுவலகத்திலும் வாய் திறந்து பேசியவள் இல்லை நான். கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் நேரடியாகவே அழைக்கலாம் என்பதும் அப்போதுதான் தெரியும். கடலுக்குப் போகிற வீடுகளில் இதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

என் வீட்டுக்காரரை வேறொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. ஆயாவின் மகன் திரும்பவே இல்லை. இரண்டு பேரும் ஒரே ஆண்டவரிடம்தான் மன்றாடினோம். அதனால், என் விசுவாசம்தான் அவரைக் கரை சேர்த்தது என்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இரவில் அவர் என்னைத் தனியே விடவில்லை, அதைச் சொல்வேன். ராயபுரம் புனித பேதுரு கோயில் 1829இல் படகோட்டிகள் சேர்ந்து கட்டியது. அங்கே மெழுகுவர்த்தி ஏற்றும்போது ஆயாவின் மகனுக்கும் சேர்த்தே ஏற்றுகிறேன்.

எண்ணூரிலிருந்து ஒரு சகோதரர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததே, அதில் எங்கள் வலையும் ஃபைபர் படகும் கறுத்துப்போயின. பிடித்த மீனை வாங்கவும் ஆளில்லை. மூலையில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை, சோறு இறங்கவில்லை.

பாஸ்டர் அம்மா கஞ்சியோடு வந்தார்கள். பைபிளில் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தார்கள். பவுல் கைதியாகப் போகிற கப்பல் 14 நாளாகப் புயலில் அலைகிறது. உள்ளே 276 பேர், யாரும் சாப்பிடவில்லை. பவுல்தான் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி, அப்பத்தை எடுத்து தேவனுக்கு நன்றி சொல்லிப் பிட்டு, தானே முதலில் சாப்பிடுகிறார். கப்பல் கடைசியில் உடைந்துதான் போகிறது. ஆட்களில் ஒருவரும் சாகவில்லை. "தம்பி, படகு போனாலும் நீ இருக்கணும். முதல்ல இதக் குடி" என்றார்கள். குடித்தேன். மறுநாள் சபையில் சமையலுக்குக் கூப்பிட்டார்கள். தெருத்தெருவாகச் சோறு கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரிதான் தூக்கம் வந்தது.

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி:

லூர்து அன்னை கோயிலில் அம்மாவுக்காக வேண்டிக்கொண்டே அம்மாவை இழந்தவள் நான். அதன் பிறகு வாழவே பிடிக்கவில்லை. ஃபாதரிடம் சொன்னேன். தலையில் கை வைத்து ஜெபித்தார், மனநல டாக்டரையும் பார்க்கச் சொன்னார். மாத்திரையும் போடுகிறேன், பூசைக்கும் போகிறேன். இப்படி இருப்பவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அக்கா, அந்த ஆயாவை ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

காசிமேட்டிலிருந்து:

வாம்மா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வா. மீன் குழம்பு வைத்துப் போடாமல் ஆயா உன்னை அனுப்ப மாட்டார்.