கோழிக்கூண்டுக்குக் காற்று வர வழி சொல்லுங்கள்

வணக்கம். பழைய பலகை, தகரம் வைத்து 6க்கு 4 அடியில் நானே ஒரு கூண்டு அடித்தேன். 10 நாட்டுக்கோழிகள் அடைகின்றன. கீரிக்குப் பயந்து நாலு பக்கமும் இண்டு இடுக்கில்லாமல் மூடியதுதான் இப்போது வினை. காலையில் கதவைத் திறந்தால் எச்ச நெடி கண்ணைக் கரிக்கிறது. தகரத்தின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டி, கீழே போட்ட உமி கட்டிகட்டியாகக் கிடக்கிறது. ஒரு பெட்டைக்கு இரண்டு நாளாகத் தும்மல் வேறு.

கூரையை ஒட்டி, இரண்டு நீளப் பக்கங்களிலும் அரையடி பலகையை அறுத்தெடுத்து, அரை அங்குல வெல்டு மெஷ் அடிக்க நினைக்கிறேன். (சாதாரணக் கோழிவலையைக் கீரி பிய்த்துவிடுகிறது, ஒருமுறை பட்டுவிட்டேன்.) கோழிகள் உட்காரும் கம்புக்கு மேலே என்பதால் குளிர்காற்று நேராக அடிக்காதுதானே? அரையடி போதுமா? ஐப்பசி அடைமழையில் சாரல் உள்ளே வராமலிருக்கக் கூரையை எவ்வளவு நீட்ட வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் போடுங்கள்.