பொருள்: ‘மோல்ட் ரெமிடியேஷன்’ – ஒழிப்பா, களைவா, ஈரமறுப்பா?

கல்லடியிலிருந்து:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்காக, வீட்டுச் சுவரில் பிடிக்கும் பூஞ்சணம் பற்றி எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதுகிறேன். ஆறு பக்கம் முடிந்துவிட்டது. தலைப்புத்தான் இன்னும் வரவில்லை. பூஞ்சணம் பிடித்த இடத்தைச் சரிப்படுத்தும் வேலையை ஆங்கிலத்தில் ‘மோல்ட் ரெமிடியேஷன்’ என்கிறார்கள், அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறேன்.

‘மோல்ட்’ என்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. நமது பாடநூல்களில் பங்கசு, தமிழகத்தில் பூஞ்சை. அம்மா பூஞ்சணம் என்பார். பாணில், கருவாட்டில், மாரி முழுக்கப் போடாமல் கிடந்த சப்பாத்தில் பிடிப்பதற்கும் அவருக்கு அதே சொல்தான். அதையே வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்: ‘கறுப்புப் பூஞ்சை’. 2021 இல் கொரோனா நோயாளிகளின் மூக்கையும் கண்ணையும் அரித்த நோய்க்குச் செய்திகளில் அந்தப் பெயர் விழுந்துவிட்டது. குளியலறை மூலையில் கறுப்பைக் கண்டவர்கள் இப்போதும் அதை நினைத்து நடுங்குகிறார்கள். அது வேறு நோய், சுவரில் இருப்பது வேறு. நிறத்தை வைத்து இது நச்சு, இது சாது என்று பிரிக்கவும் முடியாது. எந்த இனமானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

பின்னால் வரும் ‘ரெமிடியேஷன்’தான் கழுத்தைப் பிடிக்கிறது. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். காரணம் சொந்தக் கதை.

இரண்டு வருடங்களுக்கு முன் மார்கழி அடைமழையில் அம்மாவின் அறைச் சுவர் அலுமாரிக்குப் பின்னால் கறுத்துவிட்டது. அவருக்கு ஏற்கெனவே முட்டு வருத்தம் (ஆஸ்துமா). காசு கொடுத்து ஒரு நிறுவனத்தை அழைத்தோம். இரண்டு பேர் வந்தார்கள், குளோரின் கரைசல் தெளித்துத் தேய்த்தார்கள், பூஞ்சணம் பிடிக்காத பெயின்ற் என்று ஒன்றை இரண்டு முறை பூசினார்கள். பற்றுச்சீட்டில் ‘பூஞ்சண ஒழிப்பு – முழுமையானது’ என்று எழுதி ஒப்பம் வைத்துவிட்டுப் போனார்கள். தைப்பொங்கலுக்குச் சுவர் பளிச்சென்று இருந்தது. மாசி பிறக்கும் முன் அதே இடத்தில், அதே வடிவில் திரும்ப வந்தது. கேட்டால், “நாங்கள் ஒழித்துவிட்டோம், இது புதிதாக வந்தது” என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் எரிச்சல். பூஞ்சணத்தை ஒழிப்பதாகத்தான் சீட்டில் இருந்தது. கூரையோரத்து உடைந்த பீலியிலிருந்து மழைத்தண்ணீர் அந்தச் சுவரோடு வழிவதை நிறுத்துவதாக அதில் இல்லையே. நானும் பீலியைப் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே எனக்கு வேண்டிய சொல், பற்றுச்சீட்டில் எழுதினால் வேலைக்காரரைப் பீலி வரைக்கும் ஏற வைக்கும் சொல்.

இதுவரை வந்தவை: ஒழிப்பு என்றால் நுளம்பு ஒழிப்பு நினைவுக்கு வருகிறது. நுளம்பு ஒழிந்ததா? பூஞ்சணத்தின் விதை போன்ற வித்திகள் நாம் மூச்செடுக்கும் காற்றில் எப்போதும் இருக்கின்றன, அவற்றை யாரும் ஒழிக்க முடியாது. நிவாரணம் அகராதிப்படி மிகப் பொருத்தம். ஆனால் 2004 சுனாமியும் 2011 தை வெள்ளமும் பார்த்த மட்டக்களப்பில் ‘பூஞ்சண நிவாரணம்’ என்று எழுதி ஒட்டினால் சனம் அட்டையோடு வரிசையில் நிற்கும், ஆளுக்கு எத்தனை கிலோ என்று கேட்கும். தீர்வை என்றால் சுங்கம். மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம் என்று மீள் எனத் தொடங்கும் சொற்களை இந்தத் தீவில் போதும் போதும் என்னும் அளவுக்குக் கேட்டுவிட்டோம். பூஞ்சணம் ‘பூக்கிறது’ என்று சொல்கிறோமே, பூப்பு நீக்கம் எப்படி என்று ஒருவர் கேட்டார். சாமத்திய வீட்டு அழைப்பு என்று நினைப்பார்கள், விட்டுவிடுங்கள்.

என் முன்மொழிவு: ஈரமறுப்பு.

வித்தி முளைக்க இளஞ்சூடு வேண்டும். அது இங்கே வருடம் முழுக்க உண்டு. சாப்பாடு வேண்டும். தூசி, கடதாசி, மரம், துணி, பெயின்ற் எல்லாமே அதற்குச் சாப்பாடு. மிஞ்சுவது தண்ணீர், அதில் மட்டும்தான் நமது கை எட்டும். உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டியின் தலைப்பிலேயே ஈரம் முதலில் வருகிறது, பூஞ்சணம் அதற்குப் பிறகுதான். இத்தனை வித்திக்கு மேல் ஆபத்து என்று அதில் ஓர் எண்ணும் கொடுக்கவில்லை. நீடித்த ஈரத்தைத் தடுங்கள் என்பதே அதன் பேச்சு.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஈரம் + அறுப்பு என்றாலும் ஈரமறுப்பு, ஈரம் + மறுப்பு என்றாலும் ஈரமறுப்பு. வந்த ஈரத்தை அறுப்பதும் வரும் ஈரத்தை மறுப்பதும் புணர்ச்சியில் ஒன்றாகிவிடுகின்றன. இதை நான் உண்டாக்கவில்லை, தமிழ் தானாகத் தந்தது.

திட்ட விரும்புவோர் திட்டலாம்.

தஞ்சாவூரிலிருந்து:

ஐயா, திட்டவில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு வெளியில் தேடுகிறீர்களோ என்று தோன்றுகிறது. எங்கள் பக்கம் சுவர் நனைந்து இருண்டால் ‘ஓதம் காக்கிறது’ என்போம். கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். ஓதநீக்கம் என்றால் சுருக்கமாக வாயில் நிற்கும்.

இன்னொன்று. ஈரம் என்றால் இரக்கம். ‘நெஞ்சில் ஈரமில்லாதவன்’ என்கிறோம். வேலைக்கு வருபவரை ‘ஈரமறுப்பாளர்’ என்று அழைத்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

1936 இல் சென்னையில் கலைச்சொல் மாநாடு கூடியபோது தலைமை வகித்தவர் உங்கள் காரைதீவு விபுலாநந்த அடிகள். அந்த மண்ணிலிருந்து வரும் சொல் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே உரசிப் பார்க்கிறேன்.

சாய்ந்தமருதிலிருந்து:

தம்பி, கட்டட வேலையில் முப்பது வருடம் ஈரத்தோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் நாலு வார்த்தை.

முதலில் ஓதம். நல்ல சொல்தான். ஆனால் அகராதியில் அதற்கு விரைவீக்கம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. கிளினிக் சுவரில் ‘ஓதநீக்கம்’ என்று ஒட்டினால் வேறு ஆட்கள்தான் வந்து உட்காருவார்கள்.

ஈரமறுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது பாதி வேலை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதில் மூன்று வகை உண்டு. மேலே இருந்து ஒழுகுவது: ஓடு, பீலி, கொங்கிறீற்றுத் தட்டின் வெடிப்பு. கீழே இருந்து ஏறுவது: அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் டீ.பீ.சீ. படை வைக்காத சுவர் நிலத்து நீரைத் திரி மாதிரி உறிஞ்சும். கரையோரத்தில் உப்பு மண்ணால் பூசிய சுவரென்றால் உப்பே காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அந்தச் சுவரில் வெள்ளையாகப் பூப்பதெல்லாம் பூஞ்சணமும் இல்லை. ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், கரைந்தால் உப்பு. மூன்றாவது ஏசி. அறையைப் பதினெட்டில் வைத்து யன்னலைப் பூட்டினால், குளிர்ந்த சுவரின் மறுபக்கத்தில் வெளிக்காற்று வந்து வேர்க்கும். ஒழுக்கும் இல்லை, ஊறலும் இல்லை, ஆனால் சுவர் நனைந்திருக்கும். இதைப் பீலிக்காரனிடம் கொடுத்து என்ன பயன்?

இவ்வளவையும் அறுத்த பிறகும் பிடித்த பூஞ்சணம் அங்கேதான் இருக்கும். செத்தாலும் அது ஒவ்வாமை தரும். மேலே பெயின்ற் அடிப்பது குப்பையைப் பாயால் மூடுவது. ஒரு சதுர மீட்டருக்குள் என்றால் வீட்டுக்காரரே சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்துக் காயவைக்கலாம். புளீச்சிங் கரைசலே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அதோடு அமோனியா சேர்ந்த எதையும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். பெரிய பரப்பு என்றால் அறையைப் பொலித்தீனால் மறைக்க வேண்டும், காற்றை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும், வேலை செய்பவர் என்95 முகக்கவசம் போட வேண்டும். மெத்தை, தலையணை, ஊறிப்போன சீலிங் பலகை எல்லாம் எறிய வேண்டியவை. மிச்சத் தூசியை ஹெப்பா வடிகட்டி உள்ள உறிஞ்சியால் எடுக்க வேண்டும், அது 0.3 மைக்ரோமீட்டர் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். இந்த வேலைக்கு களைவு என்று பெயர் வையுங்கள். வயல்காரருக்கு விளக்கம் தேவைப்படாது.

படுவான்கரையிலிருந்து:

அண்ணன், நான் தாதியாக வேலை செய்கிறேன். சுவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுத்தவரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

பூஞ்சணம் உள்ள வீட்டில் மூக்கடைப்பு, இருமல், கண் அரிப்பு, முட்டு எல்லாம் வரலாம், முன்பே முட்டு உள்ளவர்களுக்குக் கூடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரலிலேயே தொற்றலாம், அது அரிது. நாங்கள் கேட்கும் கேள்வி எளிது: வேறு வீட்டில் நாலு நாள் நின்றால் சுகமாக இருக்கிறதா? இருந்தால் வீட்டைச் சந்தேகிக்கலாம்.

சுவர் சுத்தமான அன்றே ஆளும் சுகம் என்று நினைக்கிறார்கள். முட்டுக்கு இழுக்கும் பம்பை (இன்ஹேலரை) நிறுத்திவிடுகிறார்கள். பிறகு இரவில் மூச்செடுக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மருந்தைக் குறைப்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். இன்னொரு கூட்டம் உடம்பிலிருந்து பூஞ்சண நஞ்சை இறக்கும் கசாயம் என்று விற்கிறது, அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சுத்தமான காற்று, ஒழுங்கான மருந்து, கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளுக்கு ஒரு பெயர் இருந்தால் நான் நோயாளிக்குச் சொல்ல வசதி. தேறுகாலம் என்று வைக்கலாமா? ‘உடம்பு தேறியிருக்கு’ என்பது எல்லோரும் பேசுவதுதானே.

கல்லடியிலிருந்து:

தேறுகாலம் அப்படியே கையேட்டுக்குள் போகிறது, தங்கச்சி. விவாதமே தேவையில்லை. (தேறல் என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம், சங்க காலத்தில் அது தெளிந்த கள்.)

தஞ்சாவூர் ஐயாவுக்கு: ஈரமறுப்பாளர் என்ற பட்டம் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வந்த பற்றுச்சீட்டின் தொகையைப் பார்த்திருந்தால் பொருத்தம் என்றுதான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள், அது வேறு. வேலைக்குப் பெயர் போதும், ஆளுக்கு வேண்டாம்.

சாய்ந்தமருதுக் காக்காவுக்கு: பாதி வேலை என்றது சரி. ஆனால் எந்தப் பாதி முதலில் என்பதில்தான் என் பிடிவாதம். நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை காய்ந்த நெல்லுக்கு வைத்திருக்கும் அளவு 14 சதவீத ஈரப்பதன். மூட்டைக்குள் பூஞ்சணம் பிடித்த பிறகு புடைத்துக் களைவதைப் பற்றி எந்த விவசாயியும் பேசமாட்டான், காயப்போடுவதைப் பற்றித்தான் பேசுவான். ஆகவே தலைப்பில் ஈரமறுப்பு, உள்ளே இரண்டாம் படியாகக் களைவு. பற்றுச்சீட்டிலும் இரண்டு வரி. முதல் வரி வெறுமையாக இருந்தால் இரண்டாம் வரிக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன மூன்று ஈரத்துக்கும் அம்மாவிடமே சொல் இருந்தது. ஒழுக்கு, ஊறல், வேர்ப்பு. “சுவர் வேர்த்துக் கிடக்கு” என்று அவர் சொன்னபோது நான் சிரித்திருக்கிறேன். நீராவி தண்ணீராவதைப் பாடநூல் ‘ஒடுக்கம்’ என்று சொல்வதை அவர் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மூன்றையும் அப்படியே வைக்கிறேன்.

அளவு பற்றி ஒரு சிக்கல். அமெரிக்கக் கையேடுகள் வீட்டுக்குள் சாரீரப்பதன் (காற்றின் ஈர அளவு) 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும் என்கின்றன, முடிந்தால் 30 முதல் 50. மாரியில் நமது வெளிக்காற்றே 80 ஐத் தாண்டும், யன்னலைத் திறந்தால் உள்ளே வருவதும் அதுதான். அதனால் எண்ணைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நனைந்த எதையும் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயவை, அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை, மழை விட்ட நேரத்தில் திற என்று எழுதியிருக்கிறேன். பெரிய வேலைகளைக் கச்சான் காற்று வீசும் காலத்துக்கு வைக்கச் சொல்கிறேன். ஆனி ஆடியில் மலை கடந்து வரும் அந்த வறண்ட காற்றுக்கு நிகரான உலர்த்தி கடையில் இல்லை. என் வீட்டில் வேலை நடந்தது மார்கழியில். ஈரச் சுவருக்கு மேல் பெயின்ற் அடித்து, உள்ளே இருந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

நேற்று ஒரு பரீட்சை வைத்தேன். பீலி மாற்ற வந்த மேசனிடம் எந்த விளக்கமும் கொடுக்காமல், “ஈரமறுப்பு எண்டா என்ன?” என்று கேட்டேன். தட்டுக்கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “டீ.பீ.சீ. தானே?”

இதை வெற்றி என்று எடுப்பதா, தோல்வி என்று எடுப்பதா?

சாய்ந்தமருதிலிருந்து:

அரை வெற்றி. ஈரத்தைத் தடுக்கிற வேலை என்று பிடித்துக்கொண்டான், ஆனால் சுவருக்கு அடியில் நின்றுவிட்டான். அந்தப் படைக்கு ஈரத்தடை என்று தனிப்பெயர் கொடுத்துவிடுங்கள், ஈரமறுப்பு முழு வேலைக்கும் இருக்கட்டும். பிறகு அதே மேசனிடம் திரும்பக் கேளுங்கள்.

கல்லடியிலிருந்து:

சரி காக்கா. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். ஓதத்துக்கு இன்னும் யாராவது வாதாட இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். மேசன் சனிக்கிழமை பீலியின் மற்றப் பக்கத்துக்கு வருவார், அப்போது கேட்டுச் சொல்கிறேன்.